"யூரின்ல உப்பு"ன்னு சொன்னா சாப்பாட்டுல உப்ப நிறுத்தணுமா?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 26 வயசு, முதல் குழந்தை, இப்போ 31 வாரம். விழுப்புரம் பக்கம் கிராமம். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துல செக்கப் போனப்போ பிபி 136/86, யூரின்ல உப்பு ஒரு பிளஸ்னு அட்டைல எழுதினாங்க. பயந்து போய் ரெண்டு நாள் கழிச்சு வெளில ஒரு லேப்ல பாத்தேன், நில்னு (ஒண்ணும் இல்லன்னு) வந்துச்சு. நேத்து பெரியாஸ்பத்திரில பிபி 142/92, யூரின் ட்ரேஸ். ரத்தம் எடுத்துக்கிட்டு, 24 மணி நேர யூரின் சேத்து கொண்டு வாங்கன்னு கேன் குடுத்து அனுப்பிட்டாங்க. மூணு தடவ பாத்து மூணு விதமா வந்தா எத நம்பறது? எங்க மாமியார் உப்பில்லாம கஞ்சி தான் குடுக்கறாங்க, பருப்பு முட்டையும் நிறுத்தியாச்சு. கால் வீங்கியிருக்கு. அடுத்த மாசம் வளைகாப்பு, அதுக்கப்புறம் அம்மா வீட்டுக்கு போகணும். நில்னு ஒரு ரிப்போர்ட் இருக்கும்போது இந்த 24 மணி நேர டெஸ்ட் அவசியமா?

பதில்:

மொதல்ல மாமியார்கிட்ட சொல்லி சாப்பாட்டுல உப்பு போடச் சொல்லுங்க மா, பருப்பும் முட்டையும் இன்னிக்கே திரும்ப ஆரம்பிங்க. அவங்க மேல தப்பு இல்ல, நம்ம ஆஸ்பத்திரிங்கள்ல இருக்கிற பேச்சு வழக்கு அப்படி, யூரின்ல அல்புமின் பாக்குறத "உப்பு பாக்குறது"ன்னே ரொம்ப வருஷமா சொல்லி பழகிட்டாங்க, கேக்கறவங்க சமையல் உப்புன்னு தானே நினைப்பாங்க, அதனால வீட்டுக்கு போன உடனே உப்பு டப்பாவ தூக்கி மேல வெச்சிடறாங்க. அது உப்பே இல்ல மா. அல்புமின்ங்கறது ரத்தத்துல இருக்கிற புரதம். நான் வேலைக்கு சேந்த புதுசுல எங்க ஆஸ்பத்திரில யூரின்ல நனைச்சு கலர் பாக்கிற ஸ்ட்ரிப் எல்லாம் கிடையாது, டெஸ்ட் ட்யூப்ல முக்கால் பாகம் யூரின் ஊத்தி ஸ்பிரிட் விளக்குல மேல் பாகத்த மட்டும் காட்டுவோம், முட்டை வெள்ளைக்கரு சூடு பட்டா வெளுக்கிற மாதிரி அந்த இடம் மட்டும் கலங்கும், ரெண்டு மூணு சொட்டு அசிட்டிக் ஆசிட் விட்டதும் கலங்கல் கரைஞ்சா அது பாஸ்பேட், கரையாம நின்னா அல்புமின். 1843-ல லண்டன் கைஸ் ஆஸ்பத்திரில ஜான் லீவர்னு ஒரு டாக்டர் பிரசவ ஜன்னி (கர்ப்பத்துல, பிரசவத்துல வர்ற வலிப்பு) கண்டவங்களோட யூரின இப்படி சூடு பண்ணி பாத்து அதுல அல்புமின் இருக்குன்னு எழுதி வெச்சாரு, இன்னிக்கு உங்க அட்டைல அந்த ஒரு பிளஸ் எழுதுறதுக்கு ஆரம்பம் அங்க இருந்து தான்.

யூரின்ல புரதம் பாக்கறதே ப்ரீஎக்ளாம்சியாங்கிற நோய், அதாவது கர்ப்பத்துல பிபி ஏறி மத்த உறுப்புகளையும் கெடுக்கிற நோய், இருக்கான்னு தெரிஞ்சுக்க தான். சாப்பாட்டுல உப்ப குறைச்சா இந்த நோய் வராதுன்னு ஒண்ணும் இல்ல, அதுக்காக உப்ப குறைக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. முட்டை சாப்பிடறதால யூரின்ல புரதம் வர்றதில்ல, நிறுத்தறதால நிக்கறதும் இல்ல. இந்த மாசத்துல தான் குழந்தை எடை போடும், அந்த நேரத்துல உப்பில்லாத கஞ்சிய வெச்சுக்கிட்டு நீங்க பாதி வயித்தோட எந்திரிக்கறது தான் எனக்கு கவலையா இருக்கு.

சரி, மூணு ரிப்போர்ட்டும் ஏன் மூணு விதமா வந்துச்சு? மூணுமே சரியா இருக்கலாம் மா. ஸ்ட்ரிப் டெஸ்ட் காட்டறது அந்த நேரத்து யூரின் எவ்வளவு கெட்டியா இருக்கு, அதுல புரதம் என்ன அளவுல கலந்திருக்குங்கறத மட்டும் தான், ஒரு நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு வெளிய போச்சுன்னு அதுக்கு தெரியாது. ஒரு பிளஸ்ன்னா 100 மில்லில சுமார் 30 மில்லிகிராம், ரெண்டு பிளஸ் சுமார் 100, மூணு பிளஸ் சுமார் 300. ட்ரேஸ்னா 30-க்கு கீழ. ஆனா நமக்கு தெரிய வேண்டியது ஒரு நாள் கணக்கு. கர்ப்பத்துல கிட்னி வழக்கத்த விட ஒண்ணரை மடங்கு வேலை செய்யுது, அதனால ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் வரைக்கும் புரதம் போனா அது சாதாரணம்னு வெச்சிருக்கோம், 300-ஐ தொட்டாலோ தாண்டினாலோ தான் கணக்குல எடுப்போம்.

இப்போ பாருங்க, வெயில்ல பஸ் ஏறி வந்து தண்ணியே குடிக்காம ஒருத்தங்க இருக்காங்க, நாள் பூரா 700 மில்லி தான் யூரின் போயிருக்கு, 100 மில்லிக்கு 40 மில்லிகிராம் புரதம். ஸ்ட்ரிப் ஒரு பிளஸ் காட்டும், ஆனா மொத்தம் 280 தான், பயப்பட வேண்டியதில்ல. இன்னொருத்தங்க டெஸ்ட் நல்லா வரணும்னு சொம்பு சொம்பா தண்ணி குடிச்சு ரெண்டரை லிட்டர் போயிருக்காங்க, 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் தான், ஸ்ட்ரிப் வெறும் ட்ரேஸ்னு சொல்லும், ஆனா மொத்தம் 500 மில்லிகிராம்! பயப்பட வேண்டியவங்க சிரிச்சிட்டு வீட்டுக்கு போறாங்க, பயப்பட வேண்டாதவங்க ராத்திரி தூங்காம கிடக்கறாங்க. நீங்க வெளி லேப்புக்கு போன அன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்கன்னு கொஞ்சம் நினைச்சு பாருங்க.

இது போக ஸ்ட்ரிப்புக்கே தடுமாற்றம் உண்டு. வெள்ளைப்படுதல் கலந்தா, ரத்தம் கலந்தா, பனிக்குட நீர் கசிஞ்சு கலந்தா ஒரு பிளஸ் ரெண்டு பிளஸ்னு பொய்யா காட்டும், யூரின் தொத்து இருந்தாலும் அப்படி தான் (எரிச்சல், அடிக்கடி போற மாதிரி இருந்தா கல்ச்சர் டெஸ்ட் தனியா குடுக்கணும், அத விட்டுடாதீங்க). ஸ்ட்ரிப் டப்பாவ மூடி போடாம வெச்சு ஈரம் ஏறிட்டாலும், எக்ஸ்பைரி தாண்டியிருந்தாலும், நனைச்சிட்டு ஒரு நிமிஷத்துல பாக்க வேண்டியத அஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்தாலும் கலர் மாறும். அதனால சாம்பிள் குடுக்கறப்போ வெறும் தண்ணில முன்னாடி இருந்து பின்னாடியா கழுவிட்டு, மொதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத பிடிங்க, லேப்ல குடுக்கற டப்பால மட்டும். ஹார்லிக்ஸ் பாட்டில், சோப்பு போட்டு கழுவின ஊறுகா பாட்டில் எல்லாம் வேண்டாம், அதுல ஒட்டியிருக்கிற சோப்பு, டெட்டால் மாதிரி சமாச்சாரமே ரிப்போர்ட்ட கெடுத்துடும்.

ஆக ஸ்ட்ரிப் ஒரு தட்டு தட்டி கேக்கற மாதிரி, உள்ள யார் இருக்காங்கன்னு போய் பாக்கறதுக்கு வேற டெஸ்ட். அதுல ஒண்ணு தான் உங்களுக்கு சொன்ன 24 மணி நேர யூரின். இன்னொண்ணு ஒரே ஒரு தடவ குடுக்கிற யூரின்ல புரதத்தையும் கிரியாட்டினினையும் (தசைல இருந்து வந்து கிட்னி வெளியேத்தற கழிவு) சேத்து அளந்து வகுக்கறது, ரிப்போர்ட்ல பிசிஆர்னு வரும். கொரோனா சமயத்துல மூக்குல குச்சி விட்டாங்களே அதுவான்னு நிறைய பேர் பயந்து கேக்கறாங்க, அது வேற இது வேற மா, இது புரதம் கிரியாட்டினின் விகிதம், அவ்வளவு தான். கிரியாட்டினின் ஒரு பொண்ணு உடம்புல இருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரே சீரா, தோராயமா ஒரு கிராம் போகும், நீங்க தண்ணி நிறைய குடிச்சா புரதமும் நீர்த்துப் போகும் கிரியாட்டினினும் நீர்த்துப் போகும், ஒண்ண ஒண்ணால வகுத்தா தண்ணி கணக்கு அடிபட்டு போயிடும். 0.3-ம் அதுக்கு மேலயும் வந்தா புரதம் அதிகம்னு அர்த்தம். இதுல ஒரு குழப்பம் வரும், சில லேப்ல 0.3-ன்னு போடுவாங்க, சிலர் 300-ன்னு போடுவாங்க, வெளிநாட்டு முறைல 30-ன்னு இருக்கும், அளவு அலகு தான் வேற, ஏறக்குறைய எல்லாம் ஒரே கோடு தான். 300-ஐ பாத்துட்டு ஆயிரம் மடங்கு ஏறிடுச்சுன்னு ஒருத்தங்க வீட்டுக்காரர் ராத்திரி 11 மணிக்கு எனக்கு போன் பண்ணி அழுதிருக்காரு.

24 மணி நேர டெஸ்ட் தான் பழைய அளவுகோல். ஆனா பாதி பேர் அத சரியா சேக்கறதில்ல, அதனாலயே பிரிட்டன்ல 2019-ல போட்ட வழிகாட்டுதல்ல வழக்கமா அது வேண்டாம், விகிதமே போதும்னு சொல்லிட்டாங்க, அந்த விகிதத்துக்கு காலைல எழுந்ததும் போற முதல் யூரின குடுக்காதீங்கன்னும் சொல்றாங்க. உங்க ஆஸ்பத்திரில விகிதம் பாக்கற வசதி இருந்தா தாராளமா கேளுங்க, ரெண்டு மூணு மணி நேரத்துல ரிசல்ட் வந்துடும். இல்லன்னா கேன்லயே சேருங்க, அவசியமான்னு கேட்டீங்களே, உங்க விஷயத்துல ரெண்டுல ஒண்ணு அவசியம் தான் மா, நில்னு வந்த அந்த ஒரு பேப்பர வெச்சுக்கிட்டு விட்டுடக் கூடாது.

சேக்கறது எப்படின்னா, நாளைக்கு காலைல 7 மணிக்கு எழுந்து போறத கேன்ல ஊத்தாதீங்க, அது முந்தின ராத்திரி கணக்கு, அத விட்டுட்டு அங்க இருந்து தான் நம்ம கணக்கு ஆரம்பம். அதுக்கப்புறம் பகல் பூரா, ராத்திரி பூரா ஒரு சொட்டு விடாம கேன்ல, மறுநாள் காலைல அதே 7 மணிக்கு போறதையும் சேத்து ஊத்திட்டு மூடிடுங்க. எல்லாரும் தப்பு பண்ற இடம் இந்த ரெண்டு காலை தான், ரெண்டையும் சேத்துடுவாங்க இல்ல ரெண்டையும் விட்டுடுவாங்க. மோஷன் போகும்போது யூரின் சேந்து போயிடும், அதனால முதல்ல யூரின் பிடிச்சிட்டு அப்புறம் உக்காருங்க. கேன வெயில் படாத குளுமையான இடத்துல வைங்க. நடுவுல ஒரு தடவ மறந்து பாத்ரூம்ல போயிட்டீங்கன்னா மறைக்காம லேப்ல சொல்லிடுங்க, திட்ட மாட்டாங்க, திரும்ப சேக்கச் சொல்லுவாங்க. வேணும்னே தண்ணி அதிகமா குடிக்கறதோ குறைக்கறதோ வேண்டாம், வழக்கம் போல இருங்க.

இப்போ நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். உங்க கடிதம் பூரா யூரின பத்தி தான் இருக்கு, ஆனா அத படிக்கும்போது என் கண்ணு போய் நின்னது 142/92-ல. 20 வாரத்துக்கு அப்புறம் மேல் பிபி 140-ஓ கீழ் பிபி 90-ஓ வந்து, குறைஞ்சது நாலு மணி நேரம் கழிச்சு பாத்தாலும் அதே மாதிரி இருந்தா அது கர்ப்பத்துல வந்த ரத்தக்கொதிப்பு, யூரின் நில்லா இருந்தாலும் சரி. நேத்து திரும்ப பாத்தாங்களா? நீங்க எழுதல. பாக்கலன்னா இன்னிக்கே போய் பாருங்க, 24 மணி நேரம் முடியட்டும் கேனோட சேத்து போறேன்னு காத்திருக்காதீங்க. அஞ்சு நிமிஷம் உக்காந்து, முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரைல வெச்சு, கைய நெஞ்சு மட்டத்துல வெச்சு பாக்கச் சொல்லுங்க, மாடிப்படி ஏறின மூச்சோட பாத்தா தப்பா வரும்.

முந்தி எங்களுக்கு சொல்லிக் குடுத்தது பிபியும் யூரின் புரதமும் ரெண்டும் இருந்தா தான் ப்ரீஎக்ளாம்சியான்னு. 2013-ல அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் அத மாத்திடுச்சு, பிபி ஏறி, கூடவே ரத்தத்துல பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவற அணு) ஒரு லட்சத்துக்கு கீழ இறங்கினாலோ, லிவர் என்சைம் ரெண்டு மடங்கு ஏறினாலோ, கிரியாட்டினின் 1.1-ஐ தாண்டினாலோ, நுரையீரல்ல நீர் சேந்தாலோ, விடாத தலைவலியோ கண் மங்கலோ இருந்தாலோ, யூரின்ல புரதம் துளி கூட இல்லன்னாலும் அது ப்ரீஎக்ளாம்சியா தான். காரணம் என்னன்னா இது கிட்னில ஆரம்பிக்கிற நோயே இல்ல மா. நஞ்சுக்கொடிக்கு போற ரத்தக் குழாய்ங்க ஆரம்ப மாசங்கள்ல நல்லா விரிஞ்சு குடுக்கணும், சிலருக்கு அது சரியா நடக்கறதில்ல, ரத்தம் பத்தாத நஞ்சுக்கொடி சில பொருட்கள அம்மா ரத்தத்துல விடுது, அது போய் உடம்பு பூரா இருக்கிற ரத்தக் குழாயோட உள் சுவர கெடுக்குது. கிட்னி சல்லடை கெட்டா புரதம் ஒழுகும், லிவர்ல கெட்டா வலது விலாவுக்கு கீழ வலிக்கும், மூளைல கெட்டா வலிப்பு வரும். எது முதல்ல கெடும்னு யாராலயும் சொல்ல முடியாது, யூரின மட்டும் பாத்துட்டு உக்காந்திருந்தா மத்த வாசல் எல்லாம் திறந்து கிடக்கு.

இது எனக்கு புத்தகத்துல இருந்து மட்டும் தெரிஞ்ச விஷயம் இல்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நான் தாலுகா ஆஸ்பத்திரில நைட் ட்யூட்டில இருக்கும்போது 36 வாரத்துல ஒரு பொண்ண வேன்ல தூக்கிட்டு வந்தாங்க, நாக்க கடிச்சு வாயெல்லாம் ரத்தம், வழிலயே ரெண்டு தடவ வலிப்பு வந்திருக்கு. அன்னிக்கு காலைல தான் வேற ஒரு எடத்துல செக்கப் போயிருக்கா, சீட்டுல பிபி 150/100-ன்னு இருக்கு, பக்கத்துல யூரின் அல்புமின் நில்னு எழுதி, அடுத்த வாரம் வரவும்னு எழுதியிருக்கு. தலை வலிக்குதுன்னு சொன்னாளாம், வெயில்ல வந்ததால இருக்கும்னுட்டாங்களாம். அந்த பொண்ணு பொழைச்சா, குழந்தையும் பொழைச்சது, ஆனா அந்த சீட்டுல இருந்த 'நில்'ங்கிற வார்த்தைய நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. 1992-ல பிரிட்டன்ல ஒரு வருஷத்துல நடந்த 383 ஜன்னி கேஸையும் சேத்து வெச்சு பாத்தாங்க, அதுல பத்துல நாலு பேர் கிட்டத்தட்ட, வலிப்பு வர்றதுக்கு முன்னாடி பிபியும் புரதமும் சேந்து பதிவாகாதவங்க தான்.

அதே மாதிரி எதிர்ப்பக்கமும் இருக்கு, மூணு பிளஸ் வந்துடுச்சு நாலு பிளஸ் வந்துடுச்சுன்னு புரதத்தோட அளவ வெச்சு நோய் முத்திடுச்சுன்னு முடிவு பண்றது. ஒரு நாளைக்கு 5 கிராம் தாண்டினா தீவிரம்னு ஒரு காலத்துல வெச்சிருந்தோம், அதையும் 2013-ல எடுத்துட்டாங்க. ப்ரீஎக்ளாம்சியான்னு உறுதி ஆயிட்டா அப்புறம் வாரா வாரம் யூரின சேத்து சேத்து பாக்கறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, பிபியும், ரத்த டெஸ்டும், குழந்தையோட வளர்ச்சி ஸ்கேனும், உங்க உடம்பு சொல்ற அறிகுறியும் தான் வழி காட்டும். தலைவலி மாத்திரைக்கு அடங்கலன்னா, கண்ணுல பூச்சி பறந்தா இல்ல மங்கினா, நெஞ்சுக்குழில இல்ல வலது விலாவுக்கு கீழ வலிச்சா, மூச்சு வாங்கினா, குழந்தை துடிப்பு குறைஞ்சா, பிபி 160/110-ஐ தொட்டா, அப்போ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் 108-க்கு போன் பண்ணி சீமாங் வசதி (அவசர பிரசவ, பச்சக்குழந்தை சிகிச்சைப் பிரிவு) இருக்கிற ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. அங்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கும், 33 நாட்டுல பத்தாயிரத்துக்கும் மேல பொண்ணுங்கள சேத்து, பாதி பேருக்கு குடுத்து ஆய்வு பண்ணி 2002-ல வெளியிட்டாங்க, வலிப்பு வர்ற வாய்ப்ப பாதிக்கும் கீழ குறைக்குது அந்த ஊசி. விலையும் ரொம்ப கம்மி.

கால் வீக்கத்த பத்தி கேட்டீங்க. கால் மட்டும் சாயந்திரம் வீங்கி காலைல வடிஞ்சா அது முக்கால்வாசி கர்ப்பிணிகளுக்கு வர்றது தான், அத வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. முகமும் கையும் திடீர்னு ரெண்டு மூணு நாள்ல உப்பினா தான் உடனே காட்டணும். நீர் வடியறதுக்குன்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போடாதீங்க, ரத்தக் குழாய்க்குள்ள ஏற்கனவே நீர் குறைஞ்சு தான் இருக்கும், அத இன்னும் வத்த வெச்சா குழந்தைக்கு ரத்தம் போறது குறையும். நீர்முள்ளி, சிறுநெருஞ்சி கஷாயமும் இப்போ வேண்டாம். பார்லி தண்ணி பிடிச்சா குடிங்க, ஆனா அது இதுக்கு மருந்து இல்ல. பிபி மாத்திரை எழுதினாங்கன்னா (லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இதுல ஒண்ணு தான் பெரும்பாலும் இருக்கும்) குழந்தைக்கு ஆகாதுன்னு யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க. ஆஸ்பிரின் போடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா இத படிக்கிற வேற யாராவது கேப்பாங்க, அது 12 வாரத்துல இருந்து, 16 வாரத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சா தான் நல்ல பலன், 31-ல ஆரம்பிச்சு பிரயோஜனம் இல்ல. உங்க அடுத்த குழந்தைக்கு மூணாவது மாசமே டாக்டர்கிட்ட இந்த கதைய சொல்லி கேளுங்க.

டெஸ்ட்ல ப்ரீஎக்ளாம்சியான்னே வந்தாலும் உடனே ஆபரேஷன்னு அர்த்தம் இல்ல மா. தீவிர அறிகுறி இல்லாம கட்டுக்குள்ள இருந்தா 37 வாரம் வரைக்கும் கொண்டு போவோம், தீவிரமா இருந்தா தான் 34-ஓடயோ அதுக்கு முன்னாடியோ முடிவு எடுக்கணும், சீக்கிரம் பிறக்கற மாதிரி இருந்தா குழந்தை நுரையீரல் பலப்பட உங்களுக்கு ஊசி போட்டுட்டு தான் எடுப்பாங்க. இன்னொண்ணு, உங்க அட்டைல 20 வாரத்துக்கு முன்னாடி பாத்த யூரின் ரிப்போர்ட் என்னன்னு திருப்பி பாருங்க, அப்போவே பிளஸ் இருந்திருந்தா இது கிட்னில முன்னாடியே இருந்த பிரச்சனையா இருக்கலாம், அத டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும். குழந்தை பிறந்து 12 வாரம் ஆகியும் புரதம் போயிட்டே இருந்தாலும் கிட்னி டாக்டர பாக்கணும். பிறந்த உடனே எல்லாம் முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க, பிரசவம் ஆகி மூணுல இருந்து ஆறாவது நாள்குள்ள தான் பிபி நல்லா ஏறும், வலிப்பு அப்போ கூட வரும், அந்த வாரம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னாலும் பிபி பாத்துட்டே இருங்க.

அம்மா வீட்டுக்கு போறது தான் எனக்கு கொஞ்சம் யோசனையா இருக்கு. நம்ம பழக்கத்துல ஒன்பதாம் மாசம் வரைக்கும் ஒரு ஆஸ்பத்திரி, அதுக்கப்புறம் ஊர் மாறி வேற ஆஸ்பத்திரி, அங்க இருக்கிற டாக்டருக்கு போன மாசம் உங்க பிபி என்ன இருந்துச்சுன்னே தெரியாது, 138/88-ன்னா பரவாயில்லன்னு விட்டுடுவாங்க, ஆனா உங்களுக்கு ஆரம்பத்துல 100/60 இருந்திருந்தா அந்த 138 பரவாயில்லாத நம்பர் இல்ல. அதனால ரிசல்ட் எல்லாம் வந்து டாக்டர் சரின்னு சொன்னா மட்டும் போங்க, போறதுக்கு முன்னாடியே அம்மாவ அனுப்பி அந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரில ராத்திரியும் டாக்டர், ஆபரேஷன், ரத்தம் மூணும் இருக்குன்னு விசாரிச்சு வைங்க, தாய் சேய் அட்டையும் இந்த மூணு யூரின் ரிப்போர்ட்டும், அந்த நில் வந்ததையும் சேத்து தான், ஒரே கவர்ல போட்டு கைப்பைலயே வெச்சுக்கோங்க, துணி மூட்டைக்குள்ள வைக்காதீங்க.

வளைகாப்பு தாராளமா பண்ணிக்கோங்க, ரொம்ப நேரம் மணைல உக்கார வைக்காம, உங்க சாப்பாட்ட நேரத்துக்கு குடுக்கச் சொல்லுங்க. மோதிரத்த மட்டும் முன்னாடியே கழட்டி வெச்சிடுங்க. வளையல் கொஞ்சம் தளர்வாவே போடச் சொல்லுங்க, காலைல எழுந்ததும் அது கைல சுலபமா நகருதான்னு பாருங்க, நேத்து வரைக்கும் குலுங்கிட்டு இருந்தது இன்னிக்கு இறுக்கி பிடிச்சா அன்னிக்கே பிபி பாத்துடுங்க.